வானொலிக்குப் படியளப்பவர் யார்?

(சின்னசேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சின்னசேலத்தில் நான் ஆற்றிய உரையை எழுதித் தருமாறு நமது ஏட்டினர் கேட்டனர். மேடைக்கே உரிய வாழ்த்துகளையும் வரவேற்புகளையும் விலக்கிவிட்டு, அன்று எடுத்துரைத்த கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

“மரவள்ளிக் கிழங்குக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை, மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்கிறது, படித்த பிள்ளை வேலை தேடிப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். இத்தனை இருக்க, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்று பேச வந்துவிட்டீரே!” என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால், மரவள்ளிக்கு விலை இல்லை என்பதை நாட்டுக்கு எடுத்துச் சொல்வது யார்? படைப்புழுவுக்கு மருந்து எது, எந்த நாளில், எந்த அளவில் தெளிப்பது என்பதை உழவனுக்கு எடுத்துச் சொல்வது யார்? சொல்லும் வாய் ஒன்று வேண்டுமல்லவா? அந்த வாய்க்குச் சோறிடுபவர் எவரோ, அவருடைய பேச்சைத்தானே அந்த வாய் பேசும்? ஆகவேதான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் நாடகம் எழுதுபவன். மேடைக்கு முன்பணம் தருபவர், முதல் நாள் “உங்கள் விருப்பம்போல் எழுதுங்கள்” என்பார். ஒத்திகை பார்த்த பிறகு, “அந்தப் பண்ணையார் காட்சி மட்டும் எதற்கு?” என்பார். கட்டளையிட மாட்டார், கேள்விதான் கேட்பார். மறுநாள் அந்தக் காட்சி இருக்காது. ஒரு நாடகத்துக்கே இந்த நிலை என்றால், 140 கோடி மக்களிடம் பேசும் கருவிக்கு என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள்.

வானொலிக்குப் படியளக்கக் கூடியவர் மூவர். ஒருவர், கேட்கும் மக்கள். இன்னொருவர், சரக்கு விற்கும் வணிகர். மூன்றாமவர், ஆளும் சர்க்கார். இந்த மூவரையும் நமது நாடு சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தாலன்றி வழி புலப்படாது.

முதலில் கேட்பவரின் காசு. 1924இல் சென்னையில் சில ஆர்வலர்கள் கூடி ஒரு வானொலிச் சங்கம் அமைத்து ஒலிபரப்பினர். பணமில்லை, 1927இல் ஓய்ந்தது. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் ‘இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி’ என்னும் தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் கட்டவேண்டும். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. ஆனால் அந்த நாளில் பெட்டி வாங்க வல்லவர் எத்தனை பேர்? மூன்றாண்டு முடிவிலும் உரிமம் பெற்றோர் தொகை எட்டாயிரத்தை எட்டவில்லை. 1930இல் கம்பெனி கடையைக் கட்டியது. வெள்ளைக்கார சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது.

அந்த 1930ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். மூடப்பட்ட சென்னைச் சங்கத்தின் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, ஏப்ரல் 1ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி. பெட்டி வாங்க முடியாத ஏழையும் மணலில் உட்கார்ந்து கேட்டான். செலவு? நகரத்தின் பொதுப்பணம். லாபம் தேடியதல்ல, டில்லியின் தயவில் நின்றதுமல்ல. ஓர் ஊர் தன் பணத்தில், தன் மக்களுக்காக, எட்டாண்டுக் காலம் வானொலி நடத்திக் காட்டியது! 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் அமைத்ததும் அது முடிவுற்றது. மறு ஆண்டு திருச்சியிலும் நிலையம் எழுந்தது.

இன்னொன்றும் சொல்வேன். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, மாகாண ஆட்சிகள் ஒலிபரப்புக் கருவி அமைக்கவும் கட்டணம் விதிக்கவும் இடமளித்தது; மைய ஆட்சி அதைக் காரணமின்றி மறுக்கலாகாது என்றது. வெள்ளையன் எழுதிய சட்டத்திலே இருந்த அந்த உரிமை, நாமே எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்திலே இல்லை. ஒலிபரப்பு முழுவதும் மையப் பட்டியலுக்குப் போயிற்று. அடிமை நாளில் இருந்த உரிமை, விடுதலை நாளில் இல்லை! இதைப் பேசினால் நம்மைப் பிரிவினைவாதி என்பர்; பேசாவிட்டால் ஊமை என்பர். ஊமையாக இருக்க நமக்கு விருப்பமில்லை.

விடுதலைக்குப் பிறகும் மக்கள் அஞ்சலகம் சென்று வானொலி உரிமக் கட்டணம் செலுத்திவந்தனர். இன்று அறுபது வயதைக் கடந்தோர்க்கு அந்த உரிமப் புத்தகம் நினைவிருக்கும். கட்டியவர் மக்கள், ஆனால் வானொலியோ மந்திரியின் இலாகா! காசு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் இடமில்லை. 1980களின் நடுவில் அந்தக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஏழைக்குச் சுமை நீங்கியது என்று மகிழ்ந்தோம். ஆனால், வானொலிக்கும் மக்களுக்கும் இடையே இருந்த ஒரே நேரடிக் கயிறும் அன்றே அறுந்தது.

அடுத்து வணிகர். 1967 நவம்பர் 1இல் விவித்பாரதியில் விளம்பரம் நுழைந்தது. 1976இல் தொலைக்காட்சியிலும் நுழைந்தது. விளம்பரம் தீது என்று நான் சொல்லவில்லை. விற்பவன் விலை கூறத்தான் செய்வான். ஆனால் அவன் தேடுவது யாரை? கேட்பவனையா? இல்லை, வாங்குபவனை! கல்வராயன் மலையிலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை நினைத்துப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மக்கள் அவர்கள். கடுக்காயும் தேனும் தினையுமாக வாழ்வை நகர்த்தும் அந்தக் குடிசைக்காக, எந்தச் சோப்புக் கம்பெனி ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பணம் தரும்? கூட்டம் கூடும் இடத்தில் கடை விரிப்பான் வணிகன். ஆளில்லா மலைமேல் அவன் ஏறமாட்டான்.

2024 ஜூன் மாதம் இதே மாவட்டத்தில், கருணாபுரத்தில் நடந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எவர் ஆட்சியில் நடந்தது என்று கட்சிக் கணக்குப் பார்க்கும் பொருளல்ல அது. பிணங்கள் வரிசையாகக் கிடந்தபோது படக்கருவிகள் வரிசையாக வந்தன. அதில் வியப்பில்லை, பரபரப்புக்குப் பார்வையாளர் உண்டு, பார்வையாளர் இருக்குமிடத்தில் விளம்பரம் உண்டு. ஆனால், மெத்தனால் என்பது என்ன, அது கண்ணை எப்படிப் பறிக்கும், குடித்தவரை எத்தனை விரைவாக மருத்துவமனை சேர்க்க வேண்டும், மலையிலே சாராயம் காய்ச்சாமல் பிழைக்க என்ன தொழில் உண்டு — இவற்றை ஆண்டு முழுவதும், அவர்கள் பேசும் தமிழிலே, சலிப்பின்றிச் சொல்லும் குரலுக்குக் காசு தர எந்த வணிகரும் வரமாட்டார். அது பொதுப்பணம் செய்ய வேண்டிய வேலை.

அப்படிச் செய்தால் விளைவு உண்டா என்று ஐயுறுவோர்க்குத் தஞ்சை மண்ணைக் காட்டுகிறேன். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வெளிவந்தது. திருச்சி வானொலி உழவர் நிகழ்ச்சிகளில் அதைப் பற்றி இடைவிடாது எடுத்துச் சொன்னது. உழவர்கள் கேட்டனர், விதைத்தனர், அறுத்தனர். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ரேடியோ நெல்’! பேராசிரியர் வைத்த பெயரல்ல, மந்திரி வைத்த பெயரல்ல; உழவன் வைத்த பெயர். பொதுமக்கள் ஒலிபரப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மூன்றாமவர், ஆளும் சர்க்கார். இவர் கொடை பெரிது. கொடைக்குப் பின்னே நீளும் கையும் பெரிது. 1975இல் நெருக்கடி நிலை வந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை தேவைப்பட்டது. வானொலிக்குத் தேவைப்படவில்லை, அது ஏற்கெனவே இலாகாவாக இருந்ததால்! சர்க்காரின் விருப்பத்துக்கு இணங்கவில்லை என்பதற்காகக் கிஷோர் குமாரின் பாடல்கள்கூட 1976இல் வானொலியில் நிறுத்தப்பட்டன. பாட்டுப் பாடியவனுக்கே அந்தத் தண்டனை என்றால், எதிர்த்துப் பேசியவனுக்கு இடமேது? 1977இல் ஆட்சி மாறியதும், செய்திக் கருவிகள் எவ்வாறு முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டன என்று வெள்ளை அறிக்கையே வந்தது. வர்கீஸ் தலைமையிலான குழு 1978இல் தன்னாட்சி பெற்ற அமைப்பு வேண்டும் என்றது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வந்தது எப்போது? 1997இல்! ஏழாண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்தது.

வந்த பிறகாவது கறிக்கு உதவிற்றா? சட்டத்திலே தன்னாட்சி, கஜானாவிலே கட்டுப்பாடு! ஆண்டுதோறும் 2,500 கோடி ரூபாய் அளவில் டில்லி சர்க்கார் மானியம் தருகிறது. பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த இலாகாவின் வாயிலில் போய் நிற்க வேண்டியவன், தன்னாட்சி பெற்றவனா, தட்டேந்தி நிற்பவனா?

தட்டேந்தி நிற்பவன் எப்படி நடந்துகொள்வான் என்பதையும் கண்டோம். 2023 மே மாதத்தில், ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று சொல்லாதே, ‘ஆகாஷ்வாணி’ என்றே சொல் என்று ஆணை பிறந்தது. தமிழன் ‘வானொலி’ என்று அழகாகப் பெயரிட்டு, நாவாரச் சொல்லி, காதாரக் கேட்டு வந்தவன். அவனிடம் ஒரு சொல் கேட்டார்களா? 2024இல் தூர்தர்ஷன் செய்தியின் சின்னம் காவி வண்ணம் பூண்டது. அதற்கேனும் கேட்டார்களா? நான் வண்ணத்தைக் கண்டு மிரளவில்லை. வண்ணத்தை மாற்றும் தூரிகை எவர் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். நாளை வேறொருவர் ஆட்சிக்கு வந்து வேறு வண்ணம் பூசினாலும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் பி.பி.சி.க்கு வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுன் ஆயிற்று. பணம் மக்களுடையது, ஆனால் அளவை உறுதி செய்வது ஆளும் சர்க்கார். 2022இல் அந்தச் சர்க்கார் இரண்டாண்டுகளுக்குக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏறியது, வருவாய் ஏறவில்லை. அங்கேயும் குழாயின் திருகு சர்க்கார் கையில்!

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஹிட்லர் காலத்தில் வானொலி என்ன பாடுபட்டது என்பதைப் பட்டறிந்த நாடு அது. அங்கே 2013 முதல் வீட்டுக்கு ஒரு பங்களிப்பு. எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிடுவது மந்திரியல்ல, தனித்து நிற்கும் வல்லுநர் ஆணையம். ஆணையம் மாதத்துக்கு 18.36 யூரோ என்று பரிந்துரைத்தது. 16 மாநிலங்களில் ஒன்று மட்டும் இணங்க மறுத்தது. 2021இல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம், தக்க காரணம் இல்லாமல் மறுப்பது ஒலிபரப்புச் சுதந்தரத்துக்கு ஊறு என்று தீர்ப்பளித்து, உயர்வை நடைமுறைப்படுத்தியது. பணம் என்பது வெறும் பணமல்ல, பேச்சுரிமையின் ஒரு பகுதி என்று அந்த நீதிமன்றம் கண்டது.

அமெரிக்கா வேறு பாடம் சொல்கிறது. 1967இல் பொது ஒலிபரப்புக்கென ஒரு கழகத்தைச் சட்டத்தால் அமைத்தார்கள். காங்கிரஸ் சபை பணம் ஒதுக்கி வந்தது. ஆட்சியில் இருப்போருக்கு அதன் போக்குப் பிடிக்கவில்லை. 2025 ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது அதே சபை. அடுத்த மாதமே அந்தக் கழகம் கதவை மூடப்போவதாக அறிவித்தது. பாதிப்புப் பெருநகர நிலையங்களுக்குக் குறைவு. வேறு வருவாய் இல்லாத சிற்றூர் நிலையங்களுக்கே பெரிது. பெருமரம் காற்றைத் தாங்கும். நாற்றுதான் முதலில் சாயும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? மூன்றே கோரிக்கைகள்.

முதலாவது: வானொலிக்கும் பொதுத் தொலைக்காட்சிக்கும் தரும் பணம், இந்தியத் தொகுப்பு நிதியின்மேல் சார்த்தப்பட்ட செலவாக வேண்டும். இந்தச் சொல் கடினமானது; பொருள் எளியது. உச்சநீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஊதியமும் இப்படித்தான் தரப்படுகின்றன. நாடாளுமன்றம் விவாதிக்கலாம், ஆனால் மானியக் கோரிக்கையாக வாக்கெடுப்புக்கு வராது. ஏன் அவ்வாறு வைத்தார்கள்? நீதிபதி தீர்ப்பு எழுதும்போது சம்பளத்தை நினைத்து நடுங்கக்கூடாது என்பதற்காக! செய்தி படிப்பவன் மட்டும் நடுங்க வேண்டுமா? இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதே இல்லை. எந்தச் செலவையும் அவ்வாறு சார்த்துவதற்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தால் போதும் என்று அரசியல் சட்டத்தின் 112ஆவது பிரிவே வழி வைத்திருக்கிறது.

இரண்டாவது: எவ்வளவு என்பதை நிதிக்குழுவைப் போன்ற ஓர் ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுக்க வேண்டும். அதில் மாநிலங்களுக்கு இடம் வேண்டும். பணம் எங்கிருந்து என்பீர்கள். 1995இல் உச்சநீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்தச் சொத்தைப் பயன்படுத்தித் தனியார் பண்பலை நிலையங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்துகின்றன. வீட்டு மாடியில் குடை பொருத்தித் தொலைக்காட்சி தரும் நிறுவனங்களுக்கு 2020இல் 8 விழுக்காடு உரிமக் கட்டணம் என்று வகுத்தார்கள். நம் நிலத்துக்கு வரும் குத்தகை இது! குத்தகைப் பணத்தில் முதலில் நம் வீட்டு விளக்குக்கு எண்ணெய் வாங்குவதுதானே முறை? ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டிக் கட்டணம் கேட்க வேண்டாம். குத்தகைப் பணத்தை இதற்கென்று ஒதுக்குக. போதாததைப் பொது வரியிலிருந்து ஆணையம் வகுத்தபடி தருக.

மூன்றாவது: வகுத்த பணத்தில் மொழிவாரிப் பங்கு வேண்டும். தமிழ் நிலையங்களுக்கு உரிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தமிழ்நாட்டிலே அமர்ந்து, தமிழ்நாட்டார் முடிவு செய்ய வேண்டும். 2023இல் ஒலிபரப்பு வளர்ச்சிக்கென 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு டில்லி மந்திரிசபை ஒப்புதல் தந்தது. அதில் கல்வராயன் மலைக்கு என்ன பங்கு என்று கேட்கும் இடம் இங்கே எங்கே இருக்கிறது? பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; கேட்பதற்கே இடமில்லை என்பதுதான் குறை.

எதிர்வாதங்கள் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன்.

“கைப்பேசியிலே உலகமே பேசுகிறதே, இன்னும் எதற்கு வானொலி?” என்பர். கைப்பேசியில் பேசுவோர் கோடி. பொய் சொன்னால் பொறுப்பேற்போர் எத்தனை பேர்? வெள்ளம் வரும் இரவில், புரளி எது, உண்மை எது என்று அறிய நம்பத்தக்க ஒரு குரலாவது ஊருக்கு வேண்டும்.

“மக்கள் பணத்தில் இத்தனை கோடியா?” என்பர். 2,500 கோடியை 140 கோடி மக்களுக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஆண்டுக்கு 18 ரூபாய். மாதத்துக்கு ஒன்றரை ரூபாய். தேநீர்க் கடையில் ஒரு மிடறுக்குக்கூடப் போதாது! சுமை பெரிதல்ல. அந்தச் சிறு தொகையும் எவர் கையால் வருகிறது என்பதே சிக்கல்.

“உங்கள் பக்கமும் தொலைக்காட்சி இருக்கிறதே, எதிர்ப்பக்கமும் இருக்கிறதே, தமிழ்நாட்டில் கட்சிக்கொரு தொலைக்காட்சி இருக்கும்போது உங்களுக்கு இந்தக் கவலை எதற்கு?” என்று கேட்பவரும் உண்டு. கூர்மையான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். கட்சியின் ஒலிபரப்பு, கட்சியின் கருத்தைச் சொல்லும். சொல்லட்டும், அதற்கு நமது செலவு, நமது பொறுப்பு. ஆனால் எல்லாக் கட்சிக்காரனும் எந்தக் கட்சியிலும் இல்லாதவனும் ஒன்றாக நம்பிக் கேட்கும் பொது மேடை ஒன்று ஊருக்கு வேண்டும். எல்லாருக்கும் சொந்தக் கிணறு இருந்தாலும், ஊர்ப் பொதுக் குளத்தைத் தூர்க்க எவரேனும் சம்மதிப்பரா? கிணறு இல்லாதவன் எங்கே போவான்?

இதனால் நமக்கும் சங்கடம் வரும் என்பதை மறவாதீர். தன்னுரிமை பெற்ற வானொலி நாளை நமது ஆட்சியின் குறையையும் எடுத்துச் சொல்லும்; மலைப்பாதை போடப்படவில்லை என்று நமது மந்திரியையே கேட்கும். கேட்கட்டும்! பகுத்தறிவுப் பாசறையில் பயின்றவர்கள் கேள்விக்கு அஞ்சலாமா? நமக்கு இனிப்பதை மட்டும் பேசும் வானொலி கேட்டால், டில்லிக்காரர் கேட்பதற்கும் நாம் கேட்பதற்கும் வேறுபாடு இல்லாமற் போகும்.

ஆகவே தோழரே, செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் ஊர்க் கிராமசபையில் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக முன்மொழியுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது, சாலை கேளுங்கள், ரயில் கேளுங்கள். அவற்றோடு, வானொலிக்கான மானியம் எப்போது மந்திரியின் கையை விட்டு விலகும் என்றும் கேளுங்கள். படிப்பகத்தில் மாலையில் கூடும் இளைஞர்களுக்கு, சார்த்தப்பட்ட செலவு என்றால் என்ன, ரேடியோ நெல் என்றால் என்ன, சென்னை மாநகராட்சி எட்டாண்டு என்ன செய்தது என்று விளக்குங்கள். விளக்கம் பரவினால் கோரிக்கை வலுப்பெறும். கோரிக்கை வலுத்தால் சட்டம் பிறக்கும்.

படியளப்பவர் மக்களாக இருந்தால்தான், பாடப்படுவது மக்களின் பாட்டாக இருக்கும். அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.